ஏலமலைச் சாலைக்கு ஏற்ற ஸ்பிரிங்: குறைந்த செலவில் மாற்ற நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

போடியில் வீடு, மலைக்கு மேலே கேரளத்தில் பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ ஏலத்தோட்டத்தில் வேலை. எங்கள் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கை இப்படித்தான் இரண்டு மாநிலங்களில் ஓடுகிறது. ஒரு காலத்தில் ஜீப்பை மட்டுமே நம்பியிருந்தவர்களில் பலர் இப்போது சொந்த இருசக்கர வண்டியில் முந்தல் வழியாக மலையேறுகிறார்கள். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் ஒருவர், மடியில் சாப்பாட்டுப் பை, சில நாட்களில் மருந்தடிக்கும் கைப்பம்பும் உண்டு. வண்டிகளோ சமவெளியில் ஒருவர் ஓட்டுவதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. என் பட்டறைக்கு வந்து "ஸ்பிரிங்கை மாற்றிவிடலாமா அண்ணே?" என்று கேட்பவர்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லி வருவதை இங்கே எழுதுகிறேன்.

பள்ளத்தில் விழுந்தால் 'டொக்' என்று அடிக்கிறது. ஸ்பிரிங் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஸ்பிரிங் எளிதில் கெட்டுப்போகும் பொருள் அல்ல. வருடக்கணக்கில் ஓடிய ஸ்பிரிங்கின் நீளம் சில மில்லிமீட்டர் குறையும். அதன் விறைப்பு அப்படியே இருக்கும். நீளம் எவ்வளவு குறைந்தால் மாற்ற வேண்டும் என்பது உங்கள் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றித் தரையில் வைத்து ஸ்கேலால் அளந்தால் போதும்.

'டொக்' என்ற சத்தத்துக்கு வேறு காரணங்கள் உண்டு. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் கை வைத்தால் அசைவு தெரிகிறதா? அப்படியானால் கழுத்து பேரிங்கான கோன் செட் தளர்ந்திருக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அங்கே அசைந்தால், சக்கர பேரிங் நன்றாக இருக்கும் பட்சத்தில், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கிறது. முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்களான ஃபோர்க்கில் ஆயில் குறைந்திருந்தாலும் இதே சத்தம் வரும். இவற்றைப் பார்க்காமல் ஸ்பிரிங்குக்குப் பணம் செலவழித்தால், புது ஸ்பிரிங்கோடு அதே 'டொக்' சத்தமும் கூடவே வரும்.

ஸ்பிரிங் எனக்குப் போதவில்லை என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

அளந்து பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை, செலவு கிடையாது. வண்டியின் எடையும் உங்கள் எடையும் சேர்ந்து ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்கி வைத்திருக்கின்றன என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இதை அமர்வு என்று சொல்வோம்.

துணைக்கு இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் அளக்க வேண்டும்; மலைச்சரிவில் நிறுத்தி அளந்தால் கணக்குத் தப்பும். முதலில் முன் சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் பளபளப்பான குழாய் எவ்வளவு நீளம் வெளியே தெரிகிறது என்று அளந்து எழுதுங்கள். ரப்பர் உறை இருந்தால் மேலே தள்ளிவிடுங்கள். அடுத்து, வண்டியைக் கீழே இறக்கி, ஆள் ஏறாமல் அளங்கள். கடைசியாக, தினமும் போகும் உடுப்பிலும் சுமையிலும் நீங்கள் ஏறி உட்கார்ந்து, இரு கால்களையும் ஃபுட் ரெஸ்ட்டில் வைத்து, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்கட்டும்.

ஃபோர்க்கில் உராய்வு இருப்பதால் ஒரு முறை அளந்த எண்ணை நம்ப முடியாது. முன்பக்கத்தை அமுக்கி மெதுவாக விட்டு ஒரு முறை, லேசாகத் தூக்கி மெதுவாக விட்டு ஒரு முறை அளந்து, இரண்டுக்கும் நடுவே உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் வருவது ஆளோடு சேர்ந்த அமர்வு. அது மொத்த ஓட்டத்தில், அதாவது ஃபோர்க் அமுங்கக்கூடிய முழுத் தூரத்தில், 25 முதல் 35 சதவீதத்துக்குள் இருந்தால் ஸ்பிரிங் உங்களுக்குச் சரி. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இன் முன் ஓட்டம் 200 மில்லிமீட்டர். அதில் 60 அமர்வது இயல்பு. 120 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள சாதாரண வண்டி 60 அமர்ந்தால், பள்ளம் வருவதற்கு முன்பே பாதி ஓட்டம் தீர்ந்துவிட்டது. பின்பக்கத்தையும் இப்படியே, சக்கர அச்சிலிருந்து நேர் மேலே சீட்டின் கீழ் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு அளக்கலாம்.

ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டையை இறுக்காமல் கட்டி, குழாய் உள்ளே போகும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையமான தூசி சீலின் மேல் உட்காரும்படி தள்ளி வையுங்கள். போடிமெட்டு போய்த் திரும்பியதும் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஃபோர்க் எவ்வளவு ஆழம் போனது என்பதற்கு அதுவே சாட்சி. ஒவ்வொரு நாளும் கடைசி வரை போயிருந்தால் ஸ்பிரிங்கோ ஆயிலோ போதவில்லை. பாதியிலேயே நின்றிருந்தால் உங்கள் முன்பக்கம் ஏற்கெனவே தேவைக்கு மேல் விறைப்பாக இருக்கிறது.

பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருப்பிப் படி மாற்றினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் அல்லவா?

ஆகாது. இந்த ஒரு தவறான எண்ணத்தால் வீணான பணம் நிறைய. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ கேட்கும் ஸ்பிரிங், எந்தப் படியில் வைத்தாலும் 2 கிலோவே கேட்கும். படியை ஏற்றும்போது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறோம். அதனால் வண்டி சற்று உயரமாக நிற்கிறது. அசையத் தொடங்கவே கூடுதல் எடை தேவைப்படுவதால் விறைப்பாகிவிட்டது போல் தோன்றுகிறது.

ஆனாலும் அந்தப் படி மிகவும் பயனுள்ளது. பின்னால் ஆள் ஏறும் நாளில் ஏற்றி, தனியாகப் போகும் நாளில் இறக்கி வையுங்கள். இரண்டு ஷாக் அப்சார்பரும் ஒரே படியில் இருக்க வேண்டும். பட்டறைக்கு வரும் வண்டிகளில் இடது பக்கம் இரண்டாம் படியும் வலது பக்கம் நான்காம் படியுமாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஸ்பிரிங் உண்மையிலேயே மெலிந்ததா, அதாவது விறைப்புக் குறைந்ததா என்று இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஆளோடு அமர்வு சரியாக வரும் வரை படியை ஏற்றுங்கள். பிறகு இறங்கி, ஆள் இல்லாமல் பாருங்கள். வண்டி தன் எடையில் கொஞ்சம்கூட அமராமல் முழு உயரத்தில் விறைத்து நின்றால், உங்கள் சுமைக்கு அந்த ஸ்பிரிங் மெலிந்தது. விறைப்பு கூடியது வாங்கலாம். ஆள் இல்லாமலே மிகவும் அமர்ந்தால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் விறைப்பு.

முன் ஃபோர்க்கில் பிவிசி குழாய்த் துண்டு வைத்தால் போதும் என்கிறார்கள். வைக்கலாமா?

வைக்கலாம். ஒழுங்காக வைத்தால் நல்ல பலன் தரும். முன்பக்கத்தில் பெரும்பாலான வண்டிகளுக்குப் படி கிடையாது. ஸ்பிரிங்குக்கும் மேல் மூடிக்கும் நடுவே வைக்கும் இந்தத் துண்டுதான் அந்தப் படியின் வேலையைச் செய்கிறது. முன்பக்கம் எப்போதும் தாழ்ந்தே நிற்கிறது, ஆனால் ஓடும்போது கடைசி வரை அடிப்பதில்லை என்பவர்களுக்கு இதுவே போதும்.

தடித்த சுவருள்ள குழாயாக எடுங்கள். மெல்லிய மின்கம்பிக் குழாய் நசுங்கிவிடும். அது ஃபோர்க் குழாய்க்குள் உரசாமல் இறங்க வேண்டும். வெட்டும் இடத்தில் ஒரு தாளைச் சுற்றி ஓரம் ஒன்றோடொன்று பொருந்தும்படி பிடித்துக் கோடு போட்டால் வெட்டு நேராக வரும். பிசிறை உப்புத்தாளால் தேயுங்கள். ஒரு சிறு துணுக்கு ஆயிலில் விழுந்தாலும் அது சீலில் போய்ச் சிக்கும். இரு முனைகளிலும் தட்டையான இரும்பு வாஷர் வைக்க வேண்டும். வாஷர் இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் முனை பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டே போகும்.

முதலில் 10 மில்லிமீட்டர் மட்டும் கூட்டுங்கள். அதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்து, சுருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை எண்ணுங்கள். 40 இடைவெளிகள், ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர் என்றால், அந்த ஸ்பிரிங் 160 மில்லிமீட்டர்தான் அமுங்க முடியும். ஃபோர்க்கின் ஓட்டம் 120, கம்பெனியே மூடியை இறுக்கும்போது அமுக்கி வைத்தது 20 என்றால் மிச்சம் 20 மட்டுமே. அதில் 10 கூட்டலாம். 25 கூட்டினால் ஃபோர்க் கடைசி வரை போகும் முன்பே சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி இரும்புக் கட்டியாகிவிடும். அந்த அடி நேராக உங்கள் மணிக்கட்டில் விழும்.

ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டிவிட்டால் விறைப்பாகும் என்கிறாரே எங்கள் மெக்கானிக்?

அவர் சொல்லும் கணக்கு உண்மை. 10 சுற்று உள்ள ஸ்பிரிங்கை 8 ஆக்கினால் விறைப்பு 25 சதவீதம் கூடும். அதே வெட்டு, ஸ்பிரிங் அமுங்கக்கூடிய தூரத்தையும் 20 சதவீதம் குறைக்கிறது. குறைந்த நீளத்துக்குச் சமமான துண்டும் வைத்தாக வேண்டும். கம்பெனி ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை மடக்கித் தட்டையாகச் சாணை பிடித்திருப்பார்கள். வெட்டிய முனையில் அந்தத் தட்டை இருக்காது. கேஸ் வைத்து வெட்டினால் சூட்டில் கம்பியின் பதமும் போய்விடும்.

இதை நான் செய்து பார்த்தவன். வேலை பழகிய காலத்தில் என் சொந்த வண்டியின் முன் ஸ்பிரிங்கை இரண்டு சுற்று கேஸில் வெட்டிப் போட்டேன். இரண்டு வாரம் அருமையாக ஓடியது. ஒரு மாலை, மழை விட்ட நேரம், தம்பியைப் பின்னால் வைத்துக்கொண்டு போடிமெட்டிலிருந்து இறங்கினேன். ஒரு வளைவின் உள்முனையில் குழி. முன்பக்கம் அமுங்கியது, எழவில்லை. அமுங்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்ட ஃபோர்க்கோடு வண்டி திரும்ப மறுத்துச் சாலையின் வெளி ஓரத்துக்குப் போய்த் தடுப்புச் சுவரில் உரசி விழுந்தது. தம்பிக்கு மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் ஃபோர்க்கைப் பிரித்தபோது வாஷர் கிண்ணம் போல் வளைந்திருந்தது. வெட்டிய முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து குழாயின் உட்சுவரில் நீளமாகக் கோடு கிழித்திருந்தது. வடித்த ஆயிலில் இரும்புத் துகள் ஜரிகை மாதிரி மின்னியது.

முனையைச் சூடேறாமல் வெட்டி, மடக்கி, சாணை பிடித்துச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு அவர்கள் கேட்கும் கூலிக்கு வேறு நல்ல வழிகள் உண்டு. மலையில் ஓட்டுகிறவர்கள் வெட்டிய ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அப்படியானால் விறைப்பான ஸ்பிரிங்கைக் கண்ணால் பார்த்து எப்படித் தேர்ந்தெடுப்பது?

கண்ணை நம்பாதீர்கள்; வெர்னியர் காலிப்பர் கொண்டு போங்கள். ஸ்பிரிங்கின் விறைப்பை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. இவற்றில் கம்பியின் தடிமனுக்குத்தான் பலம் அதிகம். விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. மற்றவை மாறாமல் 7 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 7.5 மில்லிமீட்டர் இருந்தால் விறைப்பு 32 சதவீதம் கூடிவிடும். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். பெயின்ட் பூச்சும் அளவில் சேர்ந்துவிடுவதால் ஓர் இடத்தில் சுரண்டிவிட்டு அளங்கள். சுருள் அகலமானால் ஸ்பிரிங் மெலியும். சுற்றுகள் அதிகமானாலும் மெலியும்.

சாதாரண வண்டிக்கு முதல் முறையாக மாற்றும்போது 15 முதல் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டுவதை நான் விரும்புவதில்லை. ஃபோர்க் ஸ்பிரிங் என்றால் குழாயின் உள்விட்டம், ஸ்பிரிங்கின் முழு நீளம் இரண்டும் பொருந்த வேண்டும். ஒரே கம்பெனியின் சற்றே கனமான வண்டியிலிருந்து எடுத்த ஸ்பிரிங் பொருந்துவது உண்டு, அளக்காமல் வாங்காதீர்கள். எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள்.

ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் சுற்றிய ஸ்பிரிங் நல்லதா? எந்த முனை மேலே?

நல்லதுதான். நெருக்கமான சுற்றுகள் முதலில் ஒன்றோடொன்று முட்டி வேலையை நிறுத்திவிடுவதால், ஓட்டம் போகப் போக விறைப்பு ஏறுகிறது. தனியாகவும் சுமையோடும் மாறி மாறி ஓட்டுகிறவர்களுக்குப் பொருத்தம். எந்த முனை மேலே என்பதைக் கையேடு சொல்லியிருந்தால் அப்படியே வையுங்கள். தலைகீழாக வைத்தாலும் விறைப்பு மாறாது.

ஆயிலைப் பற்றி யாரும் பேசுவதில்லையே. அதற்கு இதில் என்ன வேலை?

பாதி வேலை அதனுடையது. சுமையைத் தாங்குவது ஸ்பிரிங், துள்ளலை அடக்குவது ஆயில். ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கி, பழைய நைந்த ஆயிலை விட்டுவைத்தால், அமுங்கிய ஸ்பிரிங் கட்டுப்பாடில்லாமல் எழும்பி முன்பக்கம் துள்ளும். வளைவில் சக்கரம் தரையை விட்டுவிட்டுப் பிடிக்கும். ஸ்பிரிங் மாற்றிய பின் "வண்டி முன்பைவிட மோசம்" என்று வருகிறவர்களில் பலருக்கு நான் மாற்றுவது ஆயில் மட்டும்தான்.

பல வருடம் மாற்றாத ஃபோர்க் ஆயிலை வடிக்கும்போது அருகே நின்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் கஞ்சி போல் இறங்கும். அழுகிய மீன் வாடை அடிக்கும். அடியில் பசை போல் மண்டி. மேலே கேரளப் பக்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையில் ஓடும் வண்டியென்றால் தண்ணீரும் கலந்திருக்கும். அதை வெளியே எடுத்துப் புது ஆயில் ஊற்றியதுமே பலர் ஸ்பிரிங் மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுகிறார்கள்.

சாதாரண வண்டிகளுக்குப் பொதுவாக ஃபோர்க்கின் ஒரு காலுக்கு, அதாவது ஒரு பக்கக் குழாய்க்கு, 150 முதல் 200 மில்லி வரை பிடிக்கும்; உங்கள் கையேட்டில் உள்ள எண்தான் சரியான அளவு. இஞ்சின் ஆயில் ஊற்றாதீர்கள். ஃபோர்க்குக்குள் அடிபட்டு நுரைத்துவிடும், நுரைக்குத் துள்ளலை அடக்கும் வலு கிடையாது. கேனில் போட்டிருக்கும் ஆயிலின் எண் கூடக் கூடக் கெட்டி. ஆனால் ஒரு கம்பெனியின் 10-உம் இன்னொரு கம்பெனியின் 10-உம் ஒரே கெட்டியாக இருப்பதில்லை. ஆகவே ஒரே கம்பெனியின் இரண்டு எண்களைக் கலந்து நடுவான கெட்டியைப் பெறுவதே பாதுகாப்பு. கெட்டியாக்கிக்கொண்டே போனால் கூர்மையான சிறு குழிகளில் ஃபோர்க் அமுங்க நேரமில்லாமல் கையில் குத்தும். அதிகாலைக் குளிரில் ஆயில் இன்னும் கெட்டிப்படும். போடி வெயிலில் சோதித்துவிட்டுச் சரி என்று சொன்ன வண்டி, மறுநாள் விடியற்காலை போடிமெட்டுப் பனியில் மரக்கட்டை போல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, ஆயிலின் மட்டம். ஆயிலுக்கு மேல் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். மட்டத்தை உயர்த்தினால் காற்றுக்கு இடம் குறைந்து, ஓட்டத்தின் கடைசிப் பகுதி மட்டும் விறைப்பாகும். அன்றாடம் மெத்தென்று போய், எப்போதாவது ஒரு பெரிய குழியில் மட்டும் அடிக்கிற வண்டிக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, முழுவதும் அமுக்கி வைத்துக் குழாயின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் வரை அளக்க வேண்டும். ஒரு முறைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். அளவு மீறினால் சீல் பிதுங்கிவிடும்.

பின்னால் எப்போதும் ஆள் ஏறுகிறார். பின்பக்கத்துக்கு என்ன செய்வது?

இரட்டை ஷாக் அப்சார்பர் உள்ள சாதாரண வண்டிகளுக்கு ஸ்பிரிங் மட்டும் தனியாகக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதை அமுக்கிக் கழற்றக் கருவி வேண்டும். வெறும் கையால் முயன்றவர்களின் விரல் நசுங்கியதைப் பார்த்திருக்கிறேன். எனவே பெரும்பாலும் ஷாக் அப்சார்பரையே ஜோடியாக மாற்றுகிறோம். கேப்ரியல், எண்டூரன்ஸ், முஞ்சால் ஷோவா போன்றவை வண்டி கம்பெனிகளுக்கே ஷாக் அப்சார்பர் செய்து கொடுப்பவை. அவற்றின் பெட்டியில், உங்கள் வண்டியின் பெயர் போட்டது கிடைத்தால் அதுவே முதல் தேர்வு.

வேறு வண்டியின் ஷாக் அப்சார்பரைப் போடுவதானால், போல்ட் நுழையும் மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடு வரை உள்ள நீளத்தை அளங்கள். பழையதைவிட 10 மில்லிமீட்டருக்கு மேல் கூடக் கூடாது. பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க் செங்குத்தாகி ஹேண்டில் படபடப்பாகும். ஏறும்போது தெரியாது; இறக்கத்தில், முன் பிரேக்கும் பிடித்திருக்கும்போது தெரியும். செயினின் தளர்வும் மாறும், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும்.

பின்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கி முன்பக்கத்தை மறந்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடையில் பெரும்பகுதி முன்னால் சரிகிறது. பின்னால் இருப்பவரும் உங்கள் முதுகில் சரிகிறார். மெலிந்த முன்பக்கம் அப்போது முழுக்க அமுங்கிவிட, அடுத்த குழிக்கு ஓட்டமே மிச்சமிருக்காது.

ஒற்றை ஷாக் வண்டிக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை. அதில் சக்கரம் 2 மில்லிமீட்டர் எழும்பினால் ஷாக் 1 மில்லிமீட்டர்தான் அமுங்கும் என்பது போன்ற நெம்புகோல் கணக்கு இருக்கிறது. விகிதம் இரண்டு என்றால் ஸ்பிரிங்கின் விறைப்பில் நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும். வேறு வண்டியின் ஸ்பிரிங்கை ஊகித்துப் போட வேண்டாம். நைட்ரஜன் அடைத்த வகையைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் ஆளை அடித்துவிடும்.

எக்ஸ்எல் 100-இல் உரமூட்டை ஏற்றுகிறேன். ஸ்பிரிங்கை மாற்றினால் இன்னும் ஒரு மூட்டை வைக்கலாமா?

வைக்கக் கூடாது தம்பி. ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. இரண்டு என்றால் 90, அதோடு உங்கள் எடை. விறைப்பான ஸ்பிரிங் போட்டால் வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். சட்டகத்துக்கும் சக்கரக் கம்பிகளுக்கும் டயருக்கும் கம்பெனி குறித்த எடை அப்படியே இருக்கும். அந்த வண்டியின் டிரம் பிரேக்குகள் நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடிப்பை இழக்கும். வண்டி தாழ்ந்து போவது, சுமை மிஞ்சிவிட்டது என்று அது உங்களுக்குக் காட்டும் அடையாளம். ஸ்பிரிங்கைப் போட்டு அந்த அடையாளத்தை மறைத்துவிட்டு இன்னொரு மூட்டையை ஏற்றுவது ஆபத்து. குறித்த எடைக்குள்ளேயே ஏற்றியும் அடிக்கிறது என்றால் மட்டும் புது ஷாக் அப்சார்பர் போடுங்கள்.

பழைய இரும்புக் கடையில் ஷாக் அப்சார்பர் வாங்கலாமா?

பார்த்து வாங்கினால் தவறில்லை. கண்ணாடி போல் இருக்க வேண்டிய தண்டில் துருப்புள்ளி இருந்தால் விட்டுவிடுங்கள். சீலை அது சீக்கிரம் கிழித்துவிடும். சீலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருந்தால் உள்ளே ஆயில் போய்விட்டது என்று பொருள். கையால் முழு எடையையும் போட்டு அமுக்கி விடுங்கள். நிதானமாக எழ வேண்டும். சட்டென்று தெறித்து எழுந்தால் செத்த சரக்கு.

கேரளத்தில் பிடித்து அபராதம் போடுவார்களா?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. தேய்ந்த ஷாக் அப்சார்பருக்குப் பதிலாக அதே அளவில் நல்லது ஒன்றைப் போடுவதற்கும், வண்டியைக் கண்ணுக்குத் தெரியும்படி தூக்கியோ தாழ்த்தியோ உருவத்தை மாற்றுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவதைச் செய்யுங்கள், வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வேண்டாம், மலையில் அதனால் ஒரு நன்மையும் இல்லை.

கையில் பணம் குறைவு. எதிலிருந்து தொடங்குவது?

செலவே இல்லாததிலிருந்து. டயர் காற்றைக் கையேட்டின்படி, ஆள் ஏறும் நாளுக்கு உரிய அளவில் வையுங்கள். முன் அச்சைச் சற்றுத் தளர்த்தி, ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கி விட்டு மறுபடி இறுக்குங்கள். இரு கால்களும் ஒன்றோடொன்று பிணங்காமல் நேராகிவிடும். இதற்கே சில வண்டிகளில் பாதிக் குத்தல் போய்விடும். அடுத்து ஃபோர்க் ஆயிலும் ஆயில் சீலும். சில நூறு ரூபாய்க்குள் முடியும். பிறகு அளந்து பார்த்து, தேவையென்றால் குழாய்த் துண்டு. அதன் பிறகே பின் ஷாக் அப்சார்பர் ஜோடி. முன் ஸ்பிரிங் கடைசியாக.

சீலை மாற்றும்போதே குழாயைத் துடைத்து நகத்தால் தடவிப் பாருங்கள். துருப்புள்ளி நகத்தில் தட்டுப்பட்டால் புது சீலும் நிற்காது. தோட்டத்திலிருந்து வந்ததும் குழாயில் ஒட்டிய செம்மண்ணை ஈரத்துணியால் துடைப்பவரின் சீல் பல வருடம் உழைக்கிறது.

வீட்டிலேயே பிரிக்கலாமா?

கை பழகியவர்கள் செய்யலாம். ஆபத்து மேல் மூடியில் இருக்கிறது. அது அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதால் கடைசி மரை விடும்போது முகத்தை நோக்கித் தெறிக்கும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுக்க நீண்டிருக்கும்போது மட்டும் கழற்றுங்கள். மேல் கிளாம்ப் போல்ட்டை முதலில் தளர்த்தி, மடித்த துணியை மூடியின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தியபடி, முகத்தை விலக்கிக்கொண்டு திருப்புங்கள். திரும்பப் போடும்போது மூடியை முதலில் இடது பக்கம் கால் சுற்றுத் திருப்பி, மரை 'கிளிக்' என்று உட்கார்ந்த பிறகே வலது பக்கம் இறுக்குங்கள். வடித்த ஆயிலை ஓடையில் ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் கீழே குடிக்கிறார்கள். ஒரு கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

மாற்றியாகிவிட்டது. சரியாக வந்திருக்கிறதா என்று எங்கே ஓட்டிப் பார்ப்பது?

ஊருக்குள் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் நின்ற இடத்திலேயே முன் பிரேக்கைப் பிடித்து அமுக்கி விடுங்கள். ஒரே மூச்சில் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து, தாழ்ந்து, மறுபடி எழுந்தால் ஆயில் மெலிசு. பிறகு கேபிள் டையைத் தூசி சீலின் மேல் தள்ளிவிட்டு, முந்தலில் இருந்து தனியாக ஏறி, நான்கைந்து வளைவுகள் போய், திரும்பி இறங்கி வந்து நிறுத்துங்கள். டை நிற்கும் இடத்தை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, பின்னால் ஆளை ஏற்றி அதே தூரம் போய் வாருங்கள். இரண்டாவது முறை டை இன்னும் ஆழம் போயிருக்க வேண்டும். ஆனால் ஓட்டத்தின் முடிவுக்கு இரண்டு விரற்கடையாவது மிச்சம் இருக்க வேண்டும். எண்களைத் தேதியோடு ஆர்.சி. புத்தகம் வைத்திருக்கும் உறையிலேயே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பட்டறைக்கு வரும்போது, நான் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.